புதுக்கோட்டை அம்மன் காசு: தாத்தா பெட்டியில் கிடைத்த காசுக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தாத்தாவின் பெட்டியில் கிடைத்த, சுண்டுவிரல் நகம் அளவுள்ள செப்புக்காசு சோழர் காலத்ததா? பாட்டி அதை "அரைக்காசு அம்மன் காசு" என்று சொன்னது சரிதானா? விற்றால் என்ன கிடைக்கும்? விலையைக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டும்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

சோழர் காசு இல்லை. ராஜராஜன் பெயரில் உள்ள செப்புக்காசில் ஒரு பக்கம் ஒருவர் நிற்பார், மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவர் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். உங்களுடையதைவிட அது அகலம், எடையும் இரண்டு மூன்று மடங்கு. நீங்கள் சொல்லும் காசில் ஒரு பக்கம் நேரே பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு தேவி, மறுபக்கம் உருண்டை உருண்டையாக மூன்று எழுத்து. அது தெலுங்கு. 'விஜய' என்று படிக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அது புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு. உட்கார்ந்திருப்பவள் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். பாட்டி சொன்னது சரி.

இந்தக் காசைப் புரிந்துகொள்ள அதை அடித்த அரசைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட சமஸ்தானங்கள் ஐந்து: திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனப்பள்ளி, சந்தூர். இவற்றில் தமிழ்நாட்டின் நடுவே, நாலு பக்கமும் பிரிட்டிஷ் ஜில்லாக்கள் சூழ இருந்தது புதுக்கோட்டை மட்டும்தான். பரப்பு 1,200 சதுர மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, தம் மனைவி காதலி நாச்சியாரின் சகோதரர் ரகுநாத ராய தொண்டைமானை 1686 வாக்கில் இங்கே அமர்த்தினார். அந்த வம்சம் 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணையும்வரை ஆண்டது. இத்தனை காலத்திலும் சமஸ்தானம் தனக்கென்று தொடர்ந்து வைத்துக்கொண்ட நாணயம் இந்த ஒரு செப்புக்காசுதான். ரூபாயும் அணாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாயும் அணாவும்தான்.

அப்படியிருக்க இந்தக் காசை எதற்கு அடித்தார்கள்? என் பதில்: கொடுப்பதற்கு. கடைவீதியிலும் அது செல்லுபடியானது, உண்மை. ஆனால் அதன் பிறப்பு நவராத்திரித் தானத்தோடு கட்டுண்டது. காசில் நமக்கு விநோதமாகப் படும் எல்லாவற்றுக்கும் அதில்தான் விளக்கம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

மரபு இப்படிச் சொல்கிறது. விஜயரகுநாத ராய தொண்டைமான் (1730–1769) திருவரங்குளம் காட்டில் துறவி சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார். மௌன விரதத்தில் இருந்த அவர், உபதேசத்தை மணலில் எழுதிக் காட்டினார். அரசர் அந்த மணலை மேல்துண்டில் அள்ளிக்கொண்டு வந்து அரண்மனையில் பூஜையில் வைத்தார். ஆண்டு 1738 என்பார்கள். நவராத்திரியைப் பெரிய அளவில் கொண்டாடும் வழக்கமும், வருகிறவர்களுக்கு அரிசியோடு அம்மன் உருவம் பொறித்த காசு கொடுக்கும் வழக்கமும் அந்தச் சந்திப்பிலிருந்து தொடங்கியதாகப் புதுக்கோட்டையில் சொல்வார்கள். கதையில் எது வரலாறு, எது பக்தி என்று பிரிப்பது கடினம். ஆனால் நவராத்திரி அரிசியும் காசும் வெறும் கதை இல்லை. அரண்மனையில் 20-ஆம் நூற்றாண்டு வரை நடந்த நிகழ்ச்சி. அரசர்கள் தங்களை 'ஸ்ரீ பிரகதாம்பாதாஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். நாடு அம்மனுடையது, தாம் அவளுக்கு அடியவர் என்பது அதன் பொருள். அப்படிச் சொல்லிக்கொண்ட ஒருவர் காசில் தம் முகத்தைப் போடாமல் அவளை உட்கார வைத்தது இயல்புதானே.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: மதிப்பு. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. ரூபாய்க்கு 16 அணா. ஆக ஒரு ரூபாய்க்கு 320 காசு. பிரிட்டிஷ் இந்தியக் கணக்கில் அணாவுக்கு 12 பை, ரூபாய்க்கு 192 பை. 192 இருக்கும்போது 320 எதற்கு?

பழைய எண்சுவடியை, அதாவது தமிழ்க் கணக்கு வாய்பாட்டு நூலைத் திறந்தால் விடை கிடைக்கிறது. தமிழ்க் கணக்கில் 320-இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். திண்ணைப் பள்ளியில் பையன்கள் கீழ்வாய் இலக்கத்தை, அதாவது பின்ன எண்களை, அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆக அம்மன் காசு என்பது ரூபாயில் சரியாக ஒரு முந்திரி. இரண்டு காசு அரைக்காணி. நாலு காசு காணி, அதாவது 80-இல் ஒன்று. எட்டுக் காசு அரை மா. பதினாறு காசு ஒரு மா, 20-இல் ஒன்று. இருபது காசு மாகாணி, 16-இல் ஒன்று, அதுவே ஓர் அணா. நாற்பது காசு அரைக்கால். மிச்சமே இல்லாமல் ஒவ்வொன்றும் முழுக் காசாக வருகிறது. இதையே பைக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: ரூபாயில் ஒரு காணி என்றால் 2.4 பை, ஒரு மா என்றால் 9.6 பை. கையில் எண்ணிக் கொடுக்கவே முடியாது. எண்சுவடி படித்த கணக்குப்பிள்ளைக்கும், அவர் கணக்கை நம்பி வாங்கும் குடியானவருக்கும் பையைவிட அம்மன் காசுதான் இயல்பாகப் பொருந்தும். இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அடுத்த வீட்டு நாணயத்தோடும் அது முரண்படவில்லை. காலணாவுக்குச் சரியாக ஐந்து காசு. விக்டோரியா காலத்துச் செப்புக் காலணாவின் எடை 6.48 கிராம். இயந்திரத்தில் அடித்த அம்மன் காசு சுமார் 1.2, 1.3 கிராம் இருக்கும். நகைக்கடைத் தராசில் ஒரு தட்டில் ஐந்து அம்மன் காசையும் மறு தட்டில் ஒரு காலணாவையும் வைத்தால் முள் பெரிதாக ஆடாது. அதாவது செம்பின் எடைக்கும் மதிப்புக்கும் உள்ள விகிதத்தைச் சமஸ்தானம் குறைக்கவில்லை. அம்மனைப் போட்டு எடையில் ஏமாற்றவில்லை. தானத்துக்கு அடித்த காசில் இந்த நேர்மை இருந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்களிடம் இருப்பது கையால் அடித்ததா, இயந்திரத்தில் அடித்ததா என்பது அடுத்த கேள்வி. இதை நீங்களே பார்த்துவிடலாம். காசைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பைப் பாருங்கள். கைக்காசு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, சில இடங்களில் விரிந்து பிளந்திருக்கும். வட்டம் என்றே சொல்ல முடியாது. செப்புத் துண்டைக் கீழச்சின் மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பது கம்பட்டத்தின் (நாணயச்சாலையின்) பழைய முறை. அச்சு பெரிது, துண்டு சிறிது. அதனால் முழு உருவம் ஒரே காசில் விழுவது அபூர்வம். ஒன்றில் அம்மனின் தலை இருக்கும், மடி இருக்காது. இன்னொன்றில் 'விஜ' மட்டும் இருக்கும், 'ய' காசுக்கு வெளியே போயிருக்கும். உருவமும் சில கோடுகளும் புள்ளிகளும்தான்: முகம் ஒரு குமிழ், கண் இருக்கவேண்டிய இடம் வழவழப்பு. அம்மன் என்று தெரிந்து பார்த்தால்தான் அம்மன் தெரிவாள். இவற்றைச் சேகரிப்பவர்கள் நாலைந்து காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒரு முழு அச்சை ஊகிக்கிறார்கள்.

இயந்திரக் காசு வேறு மாதிரி. ஒரே கனம், சுத்தமான வட்டம், நடுவில் அம்மன் முழுதாக, மறுபக்கம் மூன்று எழுத்தும் தெளிவாக. இது 1889-இலிருந்து வருகிறது. ஆண்டு பொறிக்கவில்லை, மதிப்பும் பொறிக்கவில்லை. அதனால் இந்த ஒரு காசை வைத்துக்கொண்டு "1895" என்றோ "1920" என்றோ யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். தொண்டைமான்களில் கடைசி இருவரான மார்த்தாண்ட பைரவர் (1886–1928), ராஜகோபாலர் (1928–1948) ஆட்சிகளில் இதே வகை தொடர்ந்தது.

1889 என்ற ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது பட்டத்தில் இருந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. ஆட்சியை நடத்தியவர் அமராவதி சேஷையா சாஸ்திரி. 1878-இல் திவானாக வந்து, பிறகு அரசர் சிறுவராக இருந்த காலத்தில் ரீஜண்டாக 1894 வரை இருந்தார். அதற்கு முன் 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரில் திவான். புதுக்கோட்டையின் நேரான அகலத் தெருக்களும் வெட்டிச் சீராக்கிய குளங்களும் இவர் பெயரைச் சொல்பவை. விளைச்சலில் பங்கு வாங்கும் அமானி முறையை ஒழித்து ரொக்கத் தீர்வைக்கு மாற்றியதும் அவர்தான். தீர்வை ரொக்கமானால் கிராமத்துக்குச் சில்லறை வேண்டும். ஒழுங்கான, எண்ணுவதற்கு எளிதான, கள்ளக்காசு அடிக்கக் கடினமான சில்லறை வேண்டும். இயந்திரக் காசு அந்தக் காலத்தில் வந்ததற்குத் தானம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் சாஸ்திரி உருவத்தை மாற்றவில்லை. அதே அம்மன், அதே 'விஜய'.

இதன் அருமை தெரிய, அதே காலத்தில் மற்ற சமஸ்தானங்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1876-இல் சுதேச நாணயச் சட்டம் வந்தது. ஒரு சமஸ்தானம் தன் காசைப் பிரிட்டிஷ் இந்திய நாணயச்சாலையில் அடித்து வாங்கிக்கொள்ளலாம், இந்தியா முழுதும் அது செல்லும். ஆனால் ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை இருக்க வேண்டும். அல்வார் முதலில் ஒப்புக்கொண்டது. தார், தேவாஸ், பிகானேர் பிறகு சேர்ந்தன. அந்தக் காசுகளை இன்று கையில் எடுத்தால் ஒரு பக்கம் ராணி, மறுபக்கம்தான் சமஸ்தானத்தின் பெயர். புதுக்கோட்டை இந்த வழிக்குப் போகவில்லை. அதன் காசில் ராணியும் இல்லை, ராஜாவும் இல்லை. எல்லைக்கு அப்பால் செல்லாது என்ற விலையைக் கொடுத்து அம்மனைக் காப்பாற்றிக்கொண்டது. ரூபாய்க்குப் போட்டியாக இல்லாமல், அணாவில் 20-இல் ஒரு பங்காக மட்டும் இருந்ததால் பிரிட்டிஷாரும் அதை விட்டுவைத்தார்கள்.

விட்டுவைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. தொண்டைமான்கள் தொடக்கம் முதலே ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்கள். 1750-களில் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது ஆங்கிலப் படைக்கு உணவுப்பொருள் போனது புதுக்கோட்டையிலிருந்து. 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமைக் காட்டில். பிடித்து ஒப்படைத்தது தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். இந்த நட்புக்குப் பிரதியாகப் புதுக்கோட்டை கப்பம் கட்டவில்லை. கீழாநிலைக் கோட்டையும் சுற்றுப்புறமும் கொடுக்கப்பட்டபோது ஆண்டுக்கு ஒரு யானை தர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை இருந்தது. அந்த யானையும் போகவே இல்லை, 1836-இல் அதையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நாணயம் அடிக்கும் உரிமை நிலைத்தது இந்தச் சலுகைகளின் வரிசையில்தான். பசித்தவன் கையில் அரிசியோடு விழுந்த அதே காசு, கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த அரசின் காசும்தான். இரண்டும் உண்மை. நான் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன்.

தமிழ்ச் சீமைக் காசில் தெலுங்கு எழுத்து ஏன் என்று பலரும் கேட்பார்கள். விஜயநகரத்துக்கும் நாயக்கர்களுக்கும் பிறகு தென்னாட்டு அரண்மனைகளில் தெலுங்குக்குப் பெரிய மதிப்பு இருந்தது. தொண்டைமான் வம்ச வரலாறுகூடத் தெலுங்குச் செய்யுளாகப் பாடப்பட்டது. 'விஜய' என்பதைப் போர் வெற்றி என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது அரசரின் பெயர் என்றே படுகிறது. விஜயரகுநாதன் என்ற பெயர் இந்த வம்சத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் போய் இன்னொருவர் வந்தாலும் அச்சை மாற்ற வேண்டியதில்லை. மார்த்தாண்ட பைரவர் காலத்துக்கு வரும்போது அது யார் பெயர் என்ற எண்ணமே மறைந்து, அம்மனுக்குப் பின்னால் இருக்க வேண்டிய அடையாளமாக நின்றுவிட்டது.

அரைக்காசு அம்மன் விஷயம். வீட்டில் சாவி, மோதிரம், பத்திரம் ஏதாவது காணாமல் போனால் வெல்லத்தைப் பிள்ளையார் மாதிரி பிடித்து வைத்து அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்வது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். கிடைத்ததும் அந்த வெல்லத்தில் பானகம் கரைத்துக் கொடுப்பார்கள். வேண்டுகிற பலருக்கு அந்த அம்மன் எந்த ஊர் என்றே தெரியாது. அவள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். குடைவரைக் கருவறையில் கோகர்ணேசுவரர் இருக்கும் பழைய கோயில். அம்மன் பெயருக்கு முன்னால் காசு வந்து ஒட்டிக்கொண்டது இந்த நாணயத்தால்தான். சமஸ்தானம் போய், காசு செல்லாமல் போய், எழுபது எண்பது ஆண்டுக்குப் பிறகும் பெயர் சமையலறைகளில் வழங்குகிறது. வேறெந்தச் சமஸ்தானக் காசுக்கும் இந்தப் பேறு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. திருவிதாங்கூர்ச் சக்கரம் எவ்வளவு பெரிய புழக்கம்! பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று நாஞ்சில்நாடு முழுக்கக் கணக்குப் போட்டார்கள். அந்தச் சின்ன வெள்ளிக் காசை எண்ணுவதற்கென்றே குழி குழியாகக் கடைந்த சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். இன்று அந்தப் பலகையைப் பார்க்க மியூசியத்துக்குத்தான் போக வேண்டும்.

மியூசியம் என்றதும் ஒன்று. புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம், 1910-இல் சமஸ்தானமே தொடங்கியது, திருக்கோகர்ணத்தில் கோயிலிலிருந்து அதிக தூரமில்லை. அம்மன் காசு பார்க்க வருகிறவர்கள் இந்த மண்ணில் கிடைத்த இன்னொரு காசுப் புதையலையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1898-இல் கருக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன, அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான பேரரசர்களுடையவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளியால் ஒரு வெட்டு. காசாகச் செல்ல வேண்டாம், பொன்னாக எடைபோட்டு வாங்கிக்கொள் என்பதற்கு அடையாளம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மன்னன் முகத்தை வெட்டிவிட்டுப் பொன்னை எடுத்துக்கொண்ட அதே சீமையில், 1,700 ஆண்டுகள் கழித்து, மன்னன் முகமே இல்லாத காசு அடித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் எனக்கு இந்த ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

இனி விலை. இயந்திர அம்மன் காசு நிறைய அடிக்கப்பட்டது, நிறையவே மிஞ்சியிருக்கிறது. நாணயக் கண்காட்சி எதற்குப் போனாலும் ஒரு தட்டில் கிடக்கும். லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பி யாரிடமும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். அது மோசடி. கையால் அடித்த காசில் அம்மன் உருவமும் 'விஜய'வும் இரண்டுமே முழுதாக விழுந்திருந்தால் அதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகத் தருவார்கள், அவ்வளவுதான். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் யாருக்கும் அனுப்பக் கூடாது. மண்ணில் தோண்டும்போது குவியலாகக் கிடைத்ததென்றால் கலெக்டர் ஆபீசில் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது வீட்டுப் பெட்டியில் இருந்தது, அந்தக் கவலை இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கு மாதிரி பளபளப்பாக்க வேண்டும் என்று வீட்டில் கை துறுதுறுக்கும். புளியும் எலுமிச்சையும் செம்பின் மேல் தோலையே தின்றுவிடும். அம்மனின் முகத்தில் மிச்சமிருக்கும் அந்த ஒன்றிரண்டு கோடும் அதோடு போய்விடும். பழுப்பும் கறுப்பும் ஏறியிருந்தால் அப்படியே இருக்கட்டும். பச்சையாகப் பொடி உதிரும் களிம்பு இருந்தால் மட்டும் ஈரமில்லாத இடத்தில் காகித உறைக்குள் வையுங்கள். கனமான பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. அரைக்காசு அம்மன் பெயரில் இப்போது பித்தளையிலும் முலாம் பூசியும் டாலர் செய்கிறார்கள். அதை யாராவது தாத்தாவின் பெட்டியில் போட்டு வைத்திருக்கவும் கூடும். மேலே வளையம் ஒட்டிய தடம் இருக்கிறதா, மஞ்சள் நிறம் அடிக்கிறதா, எழுத்து தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது டாலராக இருக்க வாய்ப்பு அதிகம். நகைக்கடையில் எடையைப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் சாய்வாக வைத்து இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து அனுப்பினால், கைக்காசா இயந்திரக் காசா என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.